கன்று வாங்கிய கை, பால் வடித்த கை

இடம்பெயர்ந்து கண்டிக்கு வந்தபின் நான் வாங்கிய இறப்பர் சப்பாத்து, வெயிலில் கிடந்து வெடித்துவிட்டது. கழுவி நிழலில் வைத்திருந்தால் இன்னும் சில காலம் உழைத்திருக்கும். அப்போதுதான் ஜோர்ஜ் துவைட்ஸை நினைத்தேன்.

பிரிஸ்டலில் பிறந்த அந்தத் தாவரவியலாளர், 1849 முதல் 1880 வரை பேராதனைப் பூங்காவை நடத்தினார். 1869இல் கோப்பியில் இலைநோய் கண்டதும் தோட்டக்காரரை எச்சரித்தார். கோப்பி அழிந்துகொண்டிருக்கையில், 1876இல் லண்டன் கியூ பூங்காவிலிருந்து ஏறத்தாழ 1,900 இறப்பர்க் கன்றுகள் வந்தன. பிரேசில் மரத்துக்குப் பேராதனையைவிட வெப்பமான தாழ்நிலமே ஏற்றதென்பதால், கம்பஹாவில் ஹெனரத்கொடையில் அவை நடப்பட்டன.

1882இல் கண்டியிலேயே அவர் இறந்தார். இறப்பர் இங்கே பெருந்தோட்டமானதைக் காணவில்லை. பின்னர் அந்த மரங்களில் பால் வடித்தவர்களில் நம் மலையகத்தவரும் உண்டு. பலர் வெறுங்காலோடுதான் மரத்துக்கு மரம் நடந்தார்கள். அவர் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. அவர்கள் பெயரை நாம்தான் எழுதவேண்டும்.