எழுதிய கையே தீட்டிய கை

சுவாமிநாதன் என்றதும் நம்மில் பலருக்கு வேளாண் விஞ்ஞானிதான் நினைவுக்கு வருவார். நான் இங்கே சொல்ல வந்தது வேறொரு சுவாமிநாதனை. ஓவியர் ஜெ. சுவாமிநாதன். இந்தியக் கலையுலகம் முழுக்க அறிந்த பெயர். நம் பக்கத்தில்தான் அதிகம் பேசப்படுவதில்லை.

1928-இல் சிம்லாவில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். இளமையில் கம்யூனிஸ்ட் கட்சி, பிறகு பத்திரிகைத் தொழில் என்று போனது வாழ்க்கை. டெல்லியிலிருந்து வெளிவந்த 'லிங்க்' வார இதழில் கலை விமர்சனம் எழுதினார். இடையில் போலந்துக்குப் போய் வார்சாவில் சிறிது காலம் ஓவியமும் படித்தார்.

அடுத்தவர் படத்தில் குறை சொல்வது சுலபம். நீ ஒன்று வரைந்து காட்டேன் என்று கேட்டால் பலர் நழுவிவிடுவார்கள். இவர் நழுவவில்லை. 1962-இல் குஜராத்தின் பாவ்நகரில் பன்னிரண்டு கலைஞர்கள் ஒன்றுகூடினார்கள். கூடிய வீட்டின் கதவு எண்ணையே வைத்து 'குரூப் 1890' என்று பெயர் சூட்டிக்கொண்டார்கள். ரவிவர்மா பாணியும் வேண்டாம், வங்காளப் பாணியும் வேண்டாம், ஐரோப்பாவைப் பார்த்து நகலெடுப்பதும் வேண்டாம் என்பது அவர்கள் கட்சி. அந்த அறிக்கைக்குப் பின்னால் இருந்த முக்கியமான மூளை சுவாமிநாதன். 1963-இல் டெல்லியில் நடந்த அவர்களது கண்காட்சியை நேரு திறந்து வைத்தார். அப்போது மெக்சிகோ தூதராக இருந்த கவிஞர் ஆக்டேவியோ பாஸ் அதற்கு முன்னுரை எழுதினார். அந்த ஒரு கண்காட்சியோடு குழு கலைந்துபோனாலும் பேச்சு ஓயவில்லை. 1966-இல் 'கான்ட்ரா' என்ற சிற்றிதழையும் நடத்திப் பார்த்தார். பறவை, மலை, மரம் என்று அவர் தீட்டிய படங்கள் அதற்குப் பிறகுதான் பெரும் புகழ் பெற்றன.

இதோடு நின்றிருந்தால்கூட அவர் பெரிய மனிதர்தான். ஆனால் என் மனதைத் தொட்டது பிற்பாடு நடந்தது.

1982-இல் போபாலில் பாரத் பவன் திறக்கப்பட்டது. அதன் கலைக்கூடமான 'ரூபங்கர்' இவர் பொறுப்பில் இருந்தது. இளம் மாணவர்களைக் குழு குழுவாக மத்தியப் பிரதேசத்தின் கிராமங்களுக்கு அனுப்பினார். அப்படிப் போனவர்கள் பட்டன்கர் கிராமத்துச் சுவரில் கண்ட படங்கள் வழியாகக் கிடைத்தவர்தான் ஜங்கர் சிங் ஷ்யாம் என்ற கோண்டு இளைஞர். பாரத் பவன் வளாகத்தில் கட்டட வேலைக்குக் கூலியாக வந்த பூரி பாய் என்ற பில் இனப் பெண்ணை, உங்கள் ஊர் வழக்கப்படி வரையுங்கள் என்று உட்கார வைத்தார்.

அந்தப் படங்களைப் பழங்காலப் பொருட்காட்சி மாதிரி ஒரு மூலையில் அவர் மாட்டவில்லை. நகரத்து ஓவியர்களின் படங்களோடு சரிசமமாக, ஒரே கூரையின் கீழ் வைத்தார். அவர்களும் இன்றைய கலைஞர்கள்தான் என்பது அவர் வாதம். இதற்கு எதிர்ப்பும் இருந்தது, அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

1994-இல் சுவாமிநாதன் காலமானார். 2021-இல் பூரி பாய்க்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது அதைக் காண அவர் இல்லை.

இப்போது படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. யார் திறமைசாலி என்று முடிவு கட்டும் நாற்காலியில் நாளைக்கு உங்களில் சிலர் உட்காரத்தான் போகிறீர்கள். அப்போது மேஜைக்கு வந்த விண்ணப்பங்களை மட்டும் புரட்டாமல், வெளியே மண் சுமந்துகொண்டிருப்பவர் பக்கமும் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள்.