துடுப்புக்கு ஓய்வு தந்த ஓலே எவின்ரூட்

இளம் அறிவியல் (இயற்பியல்), இரண்டாம் ஆண்டு

நீரைக் கடக்க மனிதன் முதலில் கண்ட துணை மிதக்கும் மரக்கட்டை. அதைக் குடைந்து படகாக்கினான்; துடுப்புச் செய்தான்; பாய் விரித்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவி வந்தது. பெருங்கப்பல்கள் மாகடல்களைத் தாண்டின. செல்வந்தர்கள் எந்திரம் பூட்டிய சொகுசுப் படகுகளில் உலா வந்தனர். ஆனால் ஏரிக்கரையில் சிறு படகு வைத்திருந்த எளிய குடும்பத்தானின் கையில் மட்டும் அதே பழைய துடுப்புத்தான் இருந்தது. அந்தத் துடுப்புக்கு ஓய்வு தந்தவர் ஓலே எவின்ரூட் என்னும் தொழிலாளி. இன்று குடும்பத்துடன் உல்லாசப் பயணம் செல்லும் விசைப்படகுகளைப் பற்றி நடக்கும் விவாதங்களில் பல, அவர் வாழ்நாளிலேயே தொடங்கியவை. எனவே அவரது வாழ்க்கையை அறிவது அந்த விவாதங்களையும் அறிவதாகும்.

இளமையும் தொழிற்பயிற்சியும்

எவின்ரூட் 1877 ஆம் ஆண்டு ஏப்ரல் 19 ஆம் நாள் நார்வே நாட்டில் பிறந்தார். பிழைப்புத் தேடி அவர் குடும்பம் அமெரிக்காவுக்குக் கப்பலேறியபோது அவருக்கு வயது ஐந்து. அந்தப் பயணத்தில் கப்பலின் எந்திர அறையை விட்டுச் சிறுவனைப் பிரித்து அழைத்து வருவது தாய்க்குப் பெரும்பாடாக இருந்ததாம். விஸ்கான்சின் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ் என்னும் சிற்றூருக்கு அருகில், ரிப்ளி ஏரிக்கரையில் அவர்கள் குடியேறி உழவுத் தொழில் செய்தனர்.

பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். ஆனால் படிப்பு நிற்கவில்லை. பதினாறாம் வயதில் மாடிசன் நகருக்குச் சென்று, உழவுக் கருவிகள் விற்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பகலில் எந்திரங்களைப் பழுது பார்த்தார். இரவில் பொறியியல் நூல்களைத் தாமே கற்றார். பின்னர் பிட்ஸ்பர்க், சிகாகோ நகரங்களின் பட்டறைகளில் வேலை பார்த்தார். இறுதியில் மில்வாக்கி நகருக்கு வந்து, வார்ப்படத்துக்கு மர அச்சு செய்யும் தொழிலில் தேர்ந்தார். ஓர் எந்திரத்தைக் காகிதத்தில் வரையவும், அதன் அச்சை மரத்தில் செதுக்கவும், வார்த்த பாகத்தைக் கடைந்து பொருத்தவும் ஒரே மனிதர் அறிந்திருந்தது அரிது. பிற்காலத்தில் அவருக்குக் கைகொடுத்தது இந்த முழுமையான பயிற்சியே. 1900 ஆம் ஆண்டில் ஒரு கூட்டாளியுடன் சேர்ந்து எந்திரங்கள் செய்து கொடுக்கும் சிறு தொழிலைத் தொடங்கினார். அதுவும் அதன்பின் தொடங்கிய முயற்சிகளும் நிலைக்கவில்லை. எந்திரத்தை அறிந்த அளவுக்குக் கணக்கையும் வாணிபத்தையும் அவர் அறிந்திருக்கவில்லை.

பெஸ் அம்மையார்

அந்தக் குறையை நீக்க வந்தவர் பெஸ் கேரி. வாணிபக் கல்வி கற்ற அந்த இளம்பெண் எவின்ரூட்டின் பட்டறையில் கணக்கு எழுதியும் கடிதங்களைக் கவனித்தும் உதவினார். 1906 ஆம் ஆண்டுக் கோடையில் நண்பர்களோடு இருவரும் ஓகாச்சி ஏரிக்கு உல்லாசமாகச் சென்றனர். பெஸ் ஐஸ்கிரீம் வேண்டுமென்று விரும்ப, எவின்ரூட் படகேறி இரண்டு மைலுக்கு மேல் துடுப்பு வலித்துச் சென்று வாங்கினார். திரும்பி வருவதற்குள் கடும் வெயிலில் அது உருகிவிட்டது. வலித்த கைகளோடு கரையேறியவர் நெஞ்சில், படகில் மாட்டிக் கழற்றும் எந்திரம் ஒன்று ஏன் கூடாது என்ற எண்ணம் பிறந்ததாக அமெரிக்காவில் இன்றும் கதை வழங்குகிறது. அந்த ஆண்டிலேயே அவர்கள் திருமணம் நடந்தது. 1907 இல் மகன் ரால்ப் பிறந்தான்.

கருவியின் அமைப்பு

அதே காலத்தில் எவின்ரூட் தம் முதல் மாதிரியைச் செய்து முடித்தார். அதைப் பார்த்த பெஸ், காப்பிக்கொட்டை அரைக்கும் எந்திரம் போலிருப்பதாகக் கேலி செய்தாராம். கேலிக்குள்ளான அந்த அமைப்பே இன்றுவரை அடிப்படையில் மாறாமல் நிற்கிறது. மேலே பெட்ரோல் எந்திரம். அதன் தண்டு செங்குத்தாகக் கீழிறங்கித் தண்ணீருக்குள் செல்கிறது. அங்கே சாய்வான பற்சக்கரங்கள் அச்சுழற்சியைக் கிடைமட்டமாகத் திருப்பி விசிறியைச் சுழற்றுகின்றன. விசிறி நீரைப் பின்னே தள்ள, நியூட்டனின் மூன்றாம் விதிப்படி படகு முன்னே செல்கிறது. உச்சியிலுள்ள பிளைவீலைக் கையால் சுழற்றி எந்திரத்தைக் கிளப்ப வேண்டும்.

1909 இல் இக்கருவி விற்பனைக்கு வந்தது. திறன் 1.5 குதிரைத்திறன், எடை 62 பவுண்டு, விலை 62 டாலர். துடுப்பைத் தூர எறியும்படி படகுக்காரர்களை அழைக்கும் விளம்பரத்தைப் பெஸ் அம்மையாரே எழுதினார். உள்நாட்டிலிருந்து மட்டுமின்றி ஸ்காண்டிநேவிய நாடுகளின் மீனவர்களிடமிருந்தும் தேவை பெருகியது. 1911 இல் காப்புரிமை கிடைத்தது.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். இத்தகைய கருவியை முதன்முதலில் செய்தவர் எவின்ரூட் அல்லர். 1881 இலேயே பிரான்சு நாட்டின் குஸ்தாவ் துரூவே மின்சாரத்தால் இயங்கும் கருவியைப் படகில் மாட்டி, பாரிசு நகரின் சேன் ஆற்றில் ஓட்டிக் காட்டினார். அமெரிக்காவிலும் கேமரன் வாட்டர்மேன் என்பவர் எவின்ரூட்டுக்குச் சற்று முன்பே பெட்ரோல் கருவி செய்து விற்றார். அப்படியானால் எவின்ரூட்டின் பெருமை எது? எளிய மனிதன் நம்பி வாங்கவும், தூக்கிச் செல்லவும், பழுது பார்க்கவும் கூடிய கருவியாக அதை ஆக்கியதே அவர் பெருமை. முதலில் கண்டவர் ஒருவராகவும், அதை மக்களிடம் சேர்த்தவர் வேறொருவராகவும் இருப்பது அறிவியல் வரலாற்றில் புதிதன்று.

உள்ளேயா, வெளியேயா?

எந்திரம் படகின் உள்ளே இருக்க வேண்டுமா, வெளியே தொங்க வேண்டுமா என்பது அன்று முதல் நடந்துவரும் வாதம். உள்ளே வைத்தால் பாரம் தாழ்வாகவும் நடுவிலும் அமையும். படகு ஆட்டமின்றிச் செல்லும். தனிச் சுக்கான் இருக்கும். ஆனால் குடும்பத்தார் உட்கார வேண்டிய இடத்தை எந்திரம் பிடித்துக்கொள்ளும். தண்டு வெளியேறப் படகின் அடியில் துளையிட வேண்டும். ஆழமற்ற இடத்தில் விசிறி தரை தட்டும். வெளியே மாட்டினால் இடம் மிச்சம், துளை வேண்டாம், ஆழம் குறைந்த இடத்தில் எந்திரத்தையே சாய்த்துத் தூக்கிவிடலாம், வேலை முடிந்ததும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோகலாம். இதற்கு விலை உண்டு. பாரம் முழுவதும் பின்பலகையில் தொங்குவதால் படகின் பின்புறம் தாழ்கிறது. எந்திரம் மாட்டுவதற்காகப் பின்பலகையின் உயரத்தைக் குறைத்தால், பின்னாலிருந்து வரும் அலை எளிதில் உள்ளே புகும்.

ஓட்டும் முறையும் வேறு. சுக்கான் உள்ள படகில் ஓடும் நீர் சுக்கானில் மோதித் திருப்புகிறது. இதிலோ விசிறியின் திசையே திரும்புகிறது. படகு தன் பின்பக்கத்தை எதிர்ப்புறம் வீசித்தான் திரும்பும். ஆகவே படகுத்துறையை ஒட்டி நிற்கும்போது முன்முனையை மட்டும் பார்த்துத் திருப்புகிறவர் பின்பகுதியை மோதவிடுவார். துறையை நெருங்கும் பதற்றத்தில் விசையை முழுதும் குறைத்துவிட்டால் திருப்பும் ஆற்றலும் அதோடு போய்விடும். முற்காலக் கருவிகளில் எந்திரம் உயிர் பெற்ற கணமே விசிறியும் சுழன்றது. நின்ற இடத்தில் எந்திரத்தை மட்டும் ஓடவிட வழியில்லை. இவற்றை அறியாமல் வீட்டாரை ஏற்றிச் செல்வது ஆபத்து.

துறந்ததும் தொடங்கியதும்

தொழில் வளர வளர வேலை பெருகியது. கணக்கு, கடிதம், விளம்பரம் அனைத்தையும் சுமந்த பெஸ் அம்மையாரின் உடல்நலம் கெட்டது. எவின்ரூட் தயங்கவில்லை. 1914 இல் தம் பங்கைக் கூட்டாளி கிறிஸ் மேயரிடம் விற்றுவிட்டு வெளியேறினார். ஐந்து ஆண்டுகள் இத்தொழிலில் இறங்குவதில்லை என்றும் ஒப்பந்தம் செய்துகொடுத்தார். தம் பெயர் தாங்கிய நிறுவனத்தை, அது செழித்துக்கொண்டிருந்த வேளையில் மனைவியின் நலனுக்காகத் துறப்பது சிறிய காரியமா? அந்த ஆண்டுகளில் மனைவியையும் மகனையும் அழைத்துக்கொண்டு ஊர் ஊராகப் பயணம் செய்தார். மனைவியின் பெயரையே சூட்டிய படகொன்றைக் கட்டி அதில் மூவரும் நெடுந்தூரம் சென்றனர். பிறர் குடும்பங்களுக்குப் படகுப் பயணத்தை எளிதாக்கியவர், தம் குடும்பத்துடன் அதை அனுபவித்தது தொழிலை விட்ட பிறகுதான்.

ஆயினும் சிந்தனை ஓயவில்லை. ஒப்பந்தக் காலம் முடிந்தபோது, இரட்டைச் சிலிண்டர் கொண்டதும் பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனதுமான இலகுவான எந்திரம் ஒன்று அவரிடம் உருவாகியிருந்தது. முறைப்படி முதலில் அதை மேயரிடமே கொண்டுசென்றார். மேயர் ஏற்கவில்லை. பழைய கனமான எந்திரம் நன்றாக விற்றுக்கொண்டிருக்கும்போது புதியது எதற்கு என்று ஒரு வணிகர் எண்ணுவது இயற்கையே. எவின்ரூட் எண்ணியதோ, கரையிலிருந்து படகு வரை அதைத் தூக்கிச் செல்லப் போகிறவரின் தோளைப் பற்றி. 1921 இல் எல்டோ என்னும் புதிய நிறுவனத்தைத் தொடங்கினார். பெஸ் அம்மையாரும் மீண்டும் உடன் உழைத்தார். தம் பெயரையே வணிகப் பெயராகக் கொண்ட பழைய நிறுவனத்தோடு அவரே போட்டியிட வேண்டியதாயிற்று.

கணக்கிட்டுப் பார்த்தால் அவர் சாதனை விளங்கும். 1909 ஆம் ஆண்டுக் கருவி 28 கிலோ. ஒரு குதிரைத்திறனுக்கு ஏறத்தாழ 19 கிலோ. எல்டோவின் முதல் கருவி 48 பவுண்டு, அதாவது 22 கிலோ, திறன் 3. ஒரு குதிரைத்திறனுக்கு ஏறத்தாழ 7 கிலோவே. பன்னிரண்டு ஆண்டுகளில் சுமை பாதிக்கும் கீழே இறங்கியது.

வேகமும் படகின் அடிப்பகுதியும்

இலகுவான எந்திரம் வேறொரு கதவையும் திறந்தது. நீரை விலக்கிச் செல்லும் படகு தானே எழுப்பும் அலைக்குள் சிறைப்படுகிறது. அதன் வேக எல்லை நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. நீர்மட்டத்தில் 16 அடி நீளமுள்ள படகு மணிக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டருக்கு மேல் செல்லத் திணறும். எடை குறைந்து திறன் கூடினால் படகு எழும்பி நீரின் மேற்பரப்பில் வழுக்கிச் செல்லும். அப்போது அந்த எல்லை உடையும். போட்டி நிறுவனமான ஜான்சன் 1926 இல் 6 குதிரைத்திறன் கருவியை வெளியிட்டுச் சிறு படகுகளை வழுக்கி ஓடச் செய்தது. எல்டோ 1928 இல் நான்கு சிலிண்டர் கொண்ட 18 குதிரைத்திறன் கருவியால் மறுமொழி தந்தது.

வேகம் வந்ததும் படகின் அடிப்பகுதி பற்றிய வாதமும் வலுத்தது. தட்டையான அடி விரைவில் எழும்பும்; அமைதியான ஏரியில் குறைந்த திறனே போதும். ஆனால் அலை வந்தால் அறைந்து அறைந்து விழும்; உள்ளிருக்கும் குழந்தைகளும் முதியோரும் துன்புறுவர். ஆப்பு வடிவான அடி அலையைப் பிளந்து மென்மையாகச் செல்லும். ஆனால் திறன் அதிகம் வேண்டும், நின்றிருக்கும்போது ஆட்டமும் கூடும். எவின்ரூட் மறைந்த பின்னரே இவ்வாதத்தில் பெரும் திருப்பம் வந்தது. ரே ஹண்ட் வடிவமைத்த ஆழ்ந்த ஆப்பு வடிவப் படகு, 1960 இல் மியாமியிலிருந்து நசாவு வரை கொந்தளித்த கடலில் நடந்த பந்தயத்தில் வென்று உலகை வியக்க வைத்தது. எனினும் எல்லா நீருக்கும் ஏற்ற ஒரே படகு இல்லை என்பதே வாதத்தின் முடிவாக நிற்கிறது.

இறுதி நாட்கள்

1929 இல் எல்டோவும் பழைய எவின்ரூட் நிறுவனமும் லாக்வுட் என்னும் நிறுவனமும் ஒன்றாக இணைந்தன. துறந்த பெயர் மீண்டும் அவரிடமே வந்து சேர்ந்தது. ஆனால் அதே ஆண்டு தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியில் உல்லாசப் படகை நினைப்பவர்கூடக் குறைந்தனர். 1933 இல் பெஸ் அம்மையார் காலமானார். அடுத்த ஆண்டு, 1934 ஜூலை 12 ஆம் நாள், 57 வயதில் எவின்ரூட்டும் மறைந்தார். மகன் ரால்ப் பொறுப்பேற்றார். 1936 இல் ஜான்சன் நிறுவனமும் இணைய, தொழில் பெருநிறுவனமாயிற்று. அந்நிறுவனம் 2000 இல் நொடித்துப் பிறர் கைக்கு மாறியது. 2020 இல் எவின்ரூட் பெயரில் எந்திரங்கள் செய்வதே நின்றுபோனது. பெயர் நின்றாலும் அமைப்பு நிற்கவில்லை. நம் கடற்கரையில் வள்ளங்களின் பின்புறம் மீனவர் மாட்டி ஓட்டும் எந்திரத்திலும் செங்குத்துத் தண்டும் நீருக்குள் பற்சக்கரமுமே வேலை செய்கின்றன.

முடிவுரை

எந்திரம் எளிதானதும் பயிற்சியற்றவர் கையிலும் அது வந்துசேர்ந்தது. ஓட்டுபவர் தவறி நீரில் விழ, ஆளில்லாப் படகு வட்டமிட்டுத் திரும்பி வந்து அவரையே தாக்கிய விபத்துகள் உண்டு. அதனால்தான் ஓட்டுபவர் உடலோடு இணைத்த கயிறு இழுபட்டதும் எந்திரம் நிற்கும் ஏற்பாடு வந்தது; 2021 முதல் அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைந்த படகுகளுக்கு அது கட்டாயமாகியுள்ளது. எத்தனை பேர் ஏறலாம், எவ்வளவு திறன் மாட்டலாம் என்று சிறு படகுகளில் பலகை பொறிப்பதும் 1971 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனே. குடும்பப் படகின் வடிவமைப்பு, எந்திரத்தின் குதிரைத்திறனோடு முடிவதில்லை. உள்ளே அமர்பவர் யார், அவர்கள் பத்திரமாகக் கரை திரும்புவார்களா என்பதில்தான் அது முடிகிறது.

எவின்ரூட் அதை அறிந்திருந்தார். எந்திரத்தைச் செய்யும்போது அதைத் தூக்குபவரை எண்ணினார். தொழிலை நடத்தும்போது உடன் உழைத்தவரை எண்ணினார். அறிவியல் கற்கும் நாம் அவரிடம் எந்திர நுட்பத்தோடு இந்தப் பண்பையும் கற்றுக்கொள்வோமாக!