சரித்திராசிரியர் ரான்கே

பள்ளிப் படிப்பின் மேல்வகுப்பில் நுழையும் மாணாக்கர், சரித்திரத்தை எடுப்பதா விடுப்பதா என்று தடுமாறி நிற்பதை ஆண்டுதோறும் காண்கிறோம். அஃது ஆண்டுகளை நெட்டுருப் பண்ணும் பாடம் என்பர் மாணாக்கர். பிழைப்புக்கு உதவாத பாடம் என்பர் பெற்றோர். இக்காலச் சரித்திர ஆராய்ச்சிக்கு அடிகோலியவர் எனப் போற்றப்படும் லியோபால்டு ரான்கே என்னும் ஜெர்மானிய அறிஞரும் தம் மாணவப் பருவத்தில் இவ்வாறே எண்ணி அப்பாடத்தை ஒதுக்கியிருந்தார் என்பது பலரும் அறியாத செய்தி.

ரான்கே 1795-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் துரிங்கியா நாட்டில் வீஹே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் வக்கீல், ஆயினும் முன்னோர் பலர் லூத்தரன் சபையின் குருமார். வீட்டில் தேவபக்தி மிகுதி. ஆகவே மூத்த மகனும் குருத்துவப் பணிக்கே செல்வான் என்று உற்றார் எண்ணியது இயல்பே. அவர் பத்து வயதுச் சிறுவராயிருந்த 1806-இல், ஊருக்குச் சற்றுத் தொலைவில் நெப்போலியன் படைகள் பிரஷ்யரை முறியடித்தன. 1815-இல் அவர் பிறந்த ஊர் சாக்ஸனி அரசரிடமிருந்து பிரஷ்ய அரசருக்குக் கைமாறிற்று. சரித்திரம் இவ்வாறு வாயிற்படியிலேயே நடமாடிக்கொண்டிருந்தும், சிறுவரின் கண் அதன்பால் செல்லவில்லை. முன்னாளில் மடாலயமாயிருந்த பிபோர்ட்டா என்னும் புகழ்பெற்ற பள்ளியில் அவர் கிரேக்கத்தையும் லத்தீனையுமே உண்டு உறங்கி வாழ்ந்தார்.

1814-இல் லைப்சிக் பல்கலைக்கழகம் புகுந்தார். அந்நகரின் பெயர் தரங்கம்பாடி மிஷன் வரலாற்றை அறிந்த நம்மவர்க்குப் புதிதன்று. அங்கே வேதசாஸ்திரமும் பழமொழி நூல்களும் பயின்றார். சரித்திர விரிவுரைகள் அவருக்குக் கசந்தன. கோவையின்றிக் குவித்த குறிப்புகளாகவே அவை தோன்றின. எனினும் இரண்டு நூல்கள் அவர் உள்ளத்தில் வித்திட்டன. ஒன்று கிரேக்க ஆசிரியர் துசிடிடீஸ் இயற்றிய போர்ச் சரித்திரம். மற்றொன்று நீபூர் எழுதிய ரோமாபுரிச் சரித்திரம். 1817-இல், திருச்சபைச் சீர்திருத்தத்தின் முந்நூறாம் ஆண்டு நிறைவின்போது, லூத்தரின் வாழ்க்கையை எழுதத் தொடங்கினார். அது முற்றுப்பெறாமல் துண்டுகளாய் நின்றுவிட்டது. வேதசாஸ்திரத்தை விட்டுச் சரித்திரத்துக்கு வந்த பாதையில் இம்முயற்சியை ஒரு மைல்கல் என்றே கருதுகிறேன்.

1818-இல் ஓடர் நதிக்கரையிலுள்ள பிராங்க்பர்ட்டில் உயர்தரப் பள்ளி ஆசிரியரானார். மைன் நதிக்கரையிலுள்ள பெரிய நகரம் வேறு. இது சிறிய ஊர். அங்கிருந்த பழைய பல்கலைக்கழகமும் 1811-இல் பிரெஸ்லாவுக்குப் பெயர்ந்து போயிருந்தது. மொழிப்பாடத்தோடு சரித்திரமும் கற்பிக்க வேண்டியிருந்தது. பாடப்புத்தகத்தை அப்படியே ஒப்புவிக்க மனம் இசையவில்லை. அப்புத்தகத்தை எழுதியவர் எங்கிருந்து இதனை அறிந்தார் என்ற வினா எழுந்தது. மூல ஆசிரியர்களைத் தேடிப் படிக்கலானார். ஒருவரைத் தொட்டால் அவருக்கு முன்னவர், அவரைத் தொட்டால் அவருக்கும் முன்னவர் என்று சென்றுகொண்டேயிருந்தது. வகுப்புக்காகத் தொடங்கிய படிப்பு வாழ்நாள் தொழிலாகிவிட்டது. கற்பிக்கப் புகுந்தபின் கற்கத் தொடங்கியவர் அவர்!

அப்போது வேறொரு நிகழ்ச்சியும் நேர்ந்தது. ஸ்காட் எழுதிய நாவல்களை ஐரோப்பா முழுவதும் விரும்பிப் படித்தது, ரான்கேயும் படித்தார். பிரான்சு அரசர் பதினோராம் லூயியையும் பர்கண்டிக் கோமகன் சார்லஸையும் பற்றிய கதையில், அக்காலத்தில் உடனிருந்த கொமின் என்பவர் எழுதிவைத்ததற்கு மாறானவை பல இருக்கக் கண்டார். வேண்டுமென்றே உண்மையைத் திரிப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கையில் கதையைவிட உண்மையே அழகாகத் தோன்றிற்று. அன்றுமுதல் கற்பனை எதையும் தம் எழுத்தில் கலப்பதில்லையென்று உறுதிகொண்டார்.

குருத்துவத்தைக் கைவிட்டது தெய்வத்தைக் கைவிட்டதாகுமா? இவ்வினா அவரை உறுத்தாமலில்லை. குருப்பணியை மேற்கொண்ட தம்பி ஹைன்ரிக்குக்கு எழுதிய கடிதங்களில், எல்லாச் சரித்திரத்திலும் கடவுள் விளங்குகிறார் என்றும், மறைபொருளாய் நிற்கும் அவ்வெழுத்தைப் படித்துக் கூறுவதும் ஓர் ஊழியமே என்றும் தம் கருத்தைத் தெரிவித்தார். இவ்விடை அவர் குடும்பத்தை எவ்வளவு தேற்றிற்றோ, அவரைத் தேற்றிற்று.

1824-இல் முதல் நூல் வெளிவந்தது. 1494 முதல் 1514 வரை லத்தீனிய, ஜெர்மானிய ஜாதியாரின் சரித்திரம் அது. சென்ற காலத்துக்குத் தீர்ப்பளிக்கவும் வருங்காலத்துக்குப் போதிக்கவும் தாம் வரவில்லை. நிகழ்ந்தது எவ்வாறு நிகழ்ந்ததோ அவ்வாறு காட்டுவதே நோக்கம் என்று முகவுரையில் அடக்கமாகக் கூறினார். அதனுடன் வெளிவந்த மற்றொரு பகுதியில் அந்த அடக்கம் இல்லை. இத்தாலியச் சரித்திராசிரியர் குவிச்சியார்டினி போன்றோர் எங்கெங்கே பிறர் நூலைப் பெயர்த்தெழுதினர், எங்கெங்கே தவறினர் என்பதை அங்கே கடுமையாக எடுத்துக்காட்டினார். மறுவருடமே பெர்லின் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது.

1827 முதல் 1831 வரை வியன்னா, வெனிஸ், ரோமாபுரி, பிளாரன்சு என்று சுவடிச்சாலைகள்தோறும் அலைந்தார். வெனிஸ் தூதர்கள் தங்கள் அரசுக்கு அனுப்பிய அறிக்கைகளே அவருக்குப் புதையல். புராட்டஸ்டண்டு ஆதலால் வத்திக்கான் சுவடிச்சாலை அவருக்குத் திறக்கவில்லை. ரோமாபுரிப் பிரபுக்களின் வீட்டு ஏடுகளைக் கொண்டே போப்பாண்டவர்களின் சரித்திரத்தை எழுதினார். 1834-க்கும் 1836-க்கும் இடையில் அது வெளிவந்தது. 1841-இல் ரோமன் கத்தோலிக்க சபை அந்நூலை விலக்கப்பட்ட நூல்களின் அட்டவணையில் சேர்த்தது. புராட்டஸ்டண்டாரிலும் சிலர், போப்புகளை இவர் போதிய அளவு கண்டிக்கவில்லையென்று முணுமுணுத்தனர். இருபுறமும் வசை பெற்றமையே அவர் நடுநிலைக்குச் சான்று எனலாம்.

பெர்லினில் தம் வீட்டிலேயே சில மாணாக்கரைக் கூட்டி, மூல ஏடுகளை முன்வைத்து, அவர்களையே ஆராயச் செய்தார். சட்டம் படிக்க வந்த வாய்ட்ஸ் அங்கே சரித்திரத்துக்குத் திரும்பினார். வேதசாஸ்திரத்தை விட்டு வந்த பர்க்ஹார்ட்டும் அவரிடம் பயின்றார். ஆசிரியர் நடந்த வழியிலேயே மாணாக்கரும் வந்து சேர்ந்தனர் போலும்.

குறைகளையும் மறைத்தல் ஆகாது. அரசர், அமைச்சர், தூதர் ஆகியோர் எழுதியவற்றையே அவர் பெரிதும் நம்பினார். உழவனும் நெசவாளியும் தூதறிக்கை எழுதுவதில்லையே! முதுமையில் எழுதிய உலக சரித்திரத்திலும் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் உரிய இடம் தரவில்லை. கல்வெட்டும் செப்பேடும் நிறைந்த நாட்டினர் இதனைப் படிக்கையில் மனம் சுருங்கவே செய்யும். ஆயினும் அக்கல்வெட்டுகளை ஐயுற்று ஒப்பிட்டுப் படிக்கும் முறைக்கு அவர் காட்டிய வழி பெரிதும் உதவும்.

1843-இல் டப்ளின் நகரத்துக் கிளாரிஸா கிரேவ்ஸ் அம்மையை மணந்தார். 1865-இல் பிரபுப் பட்டம் பெற்றார். 1871-இல் விரிவுரையை நிறுத்தினார். கண்பார்வை மங்கியது, ஏடுகளைத் தாமே படிக்க இயலவில்லை. அந்நிலையில், எண்பதைக் கடந்த வயதில், உலக சரித்திரம் எழுதத் துணிந்தார். உதவியாளர் படித்துக்காட்டுவர், இவர் சொல்லச் சொல்ல எழுதுவர். ஆண்டுக்கொரு பகுதியாக அது வெளிவந்தது. இடைக்காலத்தை எட்டியிருந்தபோது, 1886-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள், தொண்ணூறாம் வயதில், உயிர் நீத்தார். எஞ்சிய குறிப்புகளை மாணாக்கர் கோத்து வெளியிட்டனர். அவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த புத்தகங்களும் கைப்பிரதிகளும் கப்பலேறி, அமெரிக்காவிலுள்ள சிரக்கூஸ் பல்கலைக்கழகத்தைச் சென்றடைந்தன.