சேர் ஜோன் சார்ன்லி

கோணேசர் கோயிலுக்கு ஏறும் பாதையில் நான்கு அடி வைப்பதற்குள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும் முதியோரை நாம் அறிவோம். தேய்ந்த மூட்டை நீக்கிப் புதுமூட்டுப் பொருத்தும் சத்திரசிகிச்சை இன்று உலகெங்கும் அத்தகையோரை நடக்கச் செய்கின்றது. அதற்கு வழிகோலியோருள் தலையாயவர் சேர் ஜோன் சார்ன்லி. மூட்டை ஆக்கியதினும், அதனைக் கிருமியினின்று காக்க முயன்றதே அன்னாரின் பெருந்தொண்டு என்பது எமது கருத்து.

சார்ன்லி 1911ஆம் ஆண்டு ஓகஸ்ட் 29ஆம் நாள் இங்கிலாந்தின் லங்காஷயரிலுள்ள பெரி நகரிற் பிறந்தார். தந்தையார் மருந்துக்கடை நடத்தியவர், தாயார் தாதி. 1935இல் மான்செஸ்ரர் சர்வகலாசாலையில் வைத்தியப் பட்டம் பெற்றார். இரண்டாம் உலக யுத்தத்தின்போது இராணுவ வைத்தியராக எகிப்திற் பணிபுரிந்தார். யுத்தம் முடிந்தபின், எலும்பு ஒட்டி வளரும் விதத்தை அறிய விரும்பித் தம் காலெலும்பிலேயே பரிசோதனை செய்வித்தார். அங்கே கிருமி பற்றியது. மீண்டும் சத்திரஞ் செய்ய நேர்ந்தது. எலும்பிற் புகுந்த கிருமியின் கொடுமையை இவ்வாறு தம் உடலிலேயே கண்டார்.

பின்னர், முன்பு கசநோயாளருக்கு உரியதாயிருந்த றைற்றிங்ரன் வைத்தியசாலையில் இடுப்புமூட்டு ஆராய்ச்சியைத் தொடங்கினார். முதலிற் பயன்படுத்திய ரெப்லோன் கிண்ணங்கள் சில ஆண்டுகளில் தேய்ந்து பயனற்றுப் போயின. நூற்றுக்கணக்கானோருக்குப் பொருத்தியவற்றை நீக்கவேண்டிய பெருந்துயர் வந்தது. அவர் சோரவில்லை. 1962இல் வேறொரு பிளாஸ்ரிக்கை எடுத்து வெற்றி கண்டார்.

ஆயினும் மற்றொரு பகை எஞ்சியிருந்தது. ஆரம்ப காலத்தில் நூற்றுக்கு ஏழு பேரளவில் கிருமி பற்றியது. உயிரற்ற உலோகத்தின் மேற் படிந்த கிருமியை உடல் எளிதில் அழிக்கமாட்டாது. பொருத்திய மூட்டையே பெயர்த்தெடுக்க நேரும். கருவிகளைக் கொதியாவியிற் சுத்தஞ் செய்தாற் போதாதா என நாம் வினவலாம். போதாது. அறையில் நிற்போரின் தோலிலிருந்து கண்ணுக்குத் தெரியாத செதில்கள் கிருமியைச் சுமந்து உதிர்கின்றன. திறந்த புண்ணிலும், திறந்து வைத்த கருவித் தட்டிலும் அவை வீழ்கின்றன.

இதனை உணர்ந்த சார்ன்லி, ஹவொர்த் என்னும் காற்றுப் பொறியியலாளரின் துணையுடன் சத்திர அறையினுள்ளே ஒரு சிற்றறை அமைத்தார். வடிகட்டிய காற்று அதனுள் இடையறாது இறங்கியது. வைத்தியர் விடும் மூச்சைக் குழாயால் வெளியேற்றும் அங்கியையும் அணிவித்தார். சத்திரத்தைப் படிபடியாக வகுத்து, ஒவ்வொரு படிக்குரிய கருவிகளையும் தனித்தட்டில் மூடிவைத்து, வேண்டிய வேளையில் மாத்திரம் திறக்கச் செய்தார். கிருமி வளர்க்கும் தட்டுகளை அறையில் வைத்து, வீழ்ந்தவற்றை எண்ணினார். 1970ஆம் ஆண்டளவில் நோய் பற்றுதல் நூற்றுக்கு ஒன்றிலுங் குறைந்தது.

1977இல் சேர் பட்டம் பெற்றார். 1982இல், எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட சத்திரங்களை ஆராய்ந்த அறிக்கையொன்று, தூய காற்று நோயைப் பாதியாக்கியதெனக் கூறிற்று. அது வெளிவந்த சிறிது காலத்தில், ஓகஸ்ட் 5ஆம் நாள், அன்னார் மறைந்தார்.

பிற்கால ஆய்வுகள் பல அத்துணைப் பயனைக் காணவில்லை. கிருமிகொல்லி மருந்துகளின் பங்கையும் பிரித்தறிதல் அரிது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இத்தகைய காற்றோட்டம் மூட்டுமாற்றுக்கு வேண்டியதில்லையென ஆலோசனை கூறியது. இதனால் அவர் புகழ் குன்றுமோ? குன்றாது. தோல்வியை மறையாது எண்ணிப் பார்த்தலும், நோயாளியின் துன்பத்தைத் தம் பொறுப்பெனக் கொள்ளலுமே அவர் விட்டுச்சென்ற செல்வம். எத்தொழிலிற் புகினும் நம் இளைஞர் அச்செல்வத்துக்கு உரியவராவாராக.