வைரத்தைத் தேடியவர்
உலகத்துக்குச் சாணைக்கல் தந்த அச்சிசன் கதை

கத்தி மழுங்கினால் சாணை பிடிக்கிறோம். மொசைக் தரை போட்டால் கல்லால் தேய்த்து மெருகு ஏற்றுகிறோம். கருங்கல்லைப் பளபளப்பாக்கிச் சமையல் மேடை போடுகிறோம்.

இவை எல்லாவற்றுக்கும் விதி ஒன்றுதான். தேய்க்கும் பொருள், தேய்படும் பொருளைவிடக் கடினமாக இருக்க வேண்டும்.

பூமியில் கிடைக்கும் பொருள்களில் மிகக் கடினமானது வைரம். ஆனால் அந்தக் காலத்தில் வைரம் ராஜாக்களின் கிரீடத்தில் இருந்தது. கொத்தனார் கைக்கு எட்டவில்லை. வைரத்துக்கு அடுத்த கடினப் பொருளை மலிவாகச் செய்ய முடியாதா என்று ஓர் ஏழை இளைஞர் யோசித்தார். அவர் பெயர் எட்வர்டு குட்ரிச் அச்சிசன்.

16 வயதோடு படிப்பு முடிந்தது

அச்சிசன் 1856-ம் ஆண்டு மார்ச் 9-ந் தேதி, அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த வாஷிங்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். (தலைநகரான வாஷிங்டன் வேறு, இது வேறு.) தந்தை இரும்பு உருக்கும் உலை நடத்தி வந்தார். சுற்றிலும் நிலக்கரிச் சுரங்கங்கள். கரியும் நெருப்பும் சிறுவனின் விளையாட்டுத் தோழர்கள் ஆயின.

1873-ம் ஆண்டு அமெரிக்காவில் பெரும் பண நெருக்கடி வந்தது. பல தொழில்கள் படுத்துவிட்டன. தந்தையும் காலமானார். குடும்ப பாரம் பிள்ளைகள் தலையில் விழுந்தது.

அச்சிசன் 16 வயதிலேயே பள்ளியை விட்டிருந்தார். ரெயில் பாதை போடுவதற்கு நிலம் அளக்கும் வேலையில் சேர்ந்தார். பகல் முழுவதும் வேலை. இரவில் புத்தகமும் மின்சாரப் பரிசோதனையும். கல்லூரி வாசலை அவர் மிதித்ததே இல்லை.

எடிசனிடம் வேலை

1880-ம் ஆண்டு, தாமே செய்த மின்கலம் ஒன்றை எடுத்துக் கொண்டு விஞ்ஞானி எடிசனைத் தேடிப் போனார். அதை அவரிடம் விற்றுவிட வேண்டும் என்பது ஆசை. மின்கலம் விலை போகவில்லை. ஆனால் எடிசனின் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை கிடைத்தது! அப்போது அவருக்கு வயது 24.

மின்சார விளக்குக்குள் எரியும் கரி இழையைப் பற்றி ஆராய்வது அவர் வேலை. அடுத்த ஆண்டே எடிசன் அவரைப் பாரிஸ் நகருக்கு அனுப்பினார். அங்கே நடந்த மின்சாரக் கண்காட்சியில் எடிசனின் விளக்குகளைப் பொருத்தியவர்களில் அச்சிசனும் ஒருவர். ஐரோப்பாவின் பல நகரங்களில் அவர் விளக்கு ஏற்றினார்.

1884-ல் எடிசனை விட்டு விலகினார். அதே ஆண்டில் திருமணம் செய்து கொண்டார். பிறகு சில கம்பெனிகளில் வேலை பார்த்தார். ஆனால் மனம் மட்டும் ஒரே விஷயத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. வைரம் என்பது வெறும் கரிதானே? கரியை மின்சாரத்தின் கடுஞ்சூட்டில் வாட்டினால் என்ன?

சட்டியில் நடந்த அதிசயம்

1891-ம் ஆண்டு. மொனாங்ககேலா என்ற ஊரில் ஒரு சிறிய மின்சார நிலையம் அவர் பொறுப்பில் இருந்தது.

ஓர் இரும்புச் சட்டியை எடுத்தார். அதில் களிமண்ணையும் கரித்தூளையும் கலந்து நிரப்பினார். நடுவில் ஒரு கரிக் கோலை நட்டார். சட்டிக்கு ஒரு மின்கம்பி. கோலுக்கு ஒரு மின்கம்பி. மின்சாரத்தைப் பாய்ச்சினார். கலவை கொதித்துக் குழம்பியது.

ஆறிய பிறகு பார்த்தால் வைரம் எதையும் காணோம். ஆனால் கரிக் கோலின் நுனியில் மினுமினுப்பாகச் சில துணுக்குகள் ஒட்டியிருந்தன. வேறொருவராக இருந்தால் துடைத்து எறிந்திருப்பார். அச்சிசன் அதை ஒரு கண்ணாடிமேல் இழுத்துப் பார்த்தார். வைர ஊசி கீறியது போலக் கண்ணாடியில் கோடு விழுந்தது!

பெயருக்குள் தமிழ்!

களிமண்ணில் உள்ள அலுமினியப் பொருளும் கரியும் சேர்ந்து இது உண்டாயிற்று என்று அவர் முதலில் எண்ணினார். அலுமினியமும் பிராணவாயுவும் சேர்ந்த கடினமான கல்லுக்கு ஆங்கிலத்தில் கொரண்டம் என்று பெயர். கார்பன், கொரண்டம் இரண்டையும் இணைத்துத் தம் பொருளுக்குக் கார்போரண்டம் என்று பெயர் வைத்தார்.

கொரண்டம் என்ற சொல் எங்கிருந்து போனது தெரியுமா? நம் குருந்தம்தான் அது! நம் நாட்டுச் சாணைக்காரர்கள் குருந்தக் கல்லைப் பொடித்து அரக்கோடு சேர்த்துச் சாணைச் சக்கரம் செய்து வந்தார்கள். காங்கேயத்தை அடுத்த சிவன்மலை வட்டாரத்தில் குருந்தம் உண்டு. அந்தத் தமிழ்ச் சொல் கடல் கடந்து போய், அமெரிக்கர் ஒருவர் கண்டுபிடித்த பொருளின் பெயரிலும் ஏறிக் கொண்டது.

பிறகு சோதித்ததில் உண்மை தெரிந்தது. அது கரியும் சிலிக்கனும் கூடிய பொருள். சிலிக்கன் என்பது மணலில் இருப்பது. ஆக, கரியும் மணலும் போதும்! ஆனாலும் வைத்த பெயர் நிலைத்துவிட்டது.

ஒரு ராத்தல் 880 டாலர்

முதலில் கிடைத்தது ஒரு சிறு புட்டி அளவுதான். அதை எடுத்துக் கொண்டு நியூயார்க்கில் ரத்தினக் கற்களுக்கு மெருகிடுவோரிடம் போனார். காரட் 40 சென்ட் வீதம் விற்றார். அந்தக் கணக்கில் ஒரு ராத்தல் 880 டாலர்! வைரத்தூளோடு ஒப்பிட்டால் அதுவும் மலிவு.

1891-லேயே கம்பெனி தொடங்கினார். 1893 பிப்ரவரி 28-ந் தேதி அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. அந்த ஆண்டு சிகாகோ நகரில் பெரிய உலகக் கண்காட்சி. அதற்கு விளக்குப் போடும் பொறுப்பை ஏற்றவர் வெஸ்டிங்ஹவுஸ். விளக்குகளின் கண்ணாடி அடைப்பான்களைத் தேய்த்துச் சரி செய்ய அவருக்குச் சிறு சக்கரங்கள் தேவைப்பட்டன. அந்த ஆர்டர் அச்சிசனுக்குக் கிடைத்தது.

டைரக்டர்கள் ராஜினாமா!

சரக்கின் விலை குறைய வேண்டும் என்றால் மின்சாரம் மலிவாக வேண்டும். அப்போது நயாகரா நீர்வீழ்ச்சியில் மின்சாரம் எடுக்கும் வேலை நடந்து கொண்டிருந்தது. அச்சிசன் அங்கே போய் 1,000 குதிரை சக்தி மின்சாரத்துக்கு ஒப்பந்தம் செய்து விட்டார்!

கம்பெனி டைரக்டர்கள் திடுக்கிட்டார்கள். அப்போது தொழிற்சாலையில் இருந்தது ஏறத்தாழ 130 குதிரை சக்திதான். அதில் செய்த சரக்கிலேயே பாதிதான் விற்றது. இந்த நிலையில் 1,000 குதிரை சக்தியா? அவர்கள் ஒட்டுமொத்தமாக ராஜினாமா செய்து விட்டார்கள்.

அச்சிசன் அசையவில்லை. 1895-ம் ஆண்டு நயாகராவில் தொழிற்சாலை இயங்கியது. மணல், கரி, மரத்தூள், உப்பு ஆகியவற்றை நீண்ட செங்கல் தொட்டியில் கொட்டி, நடுவே கரியால் ஒரு பாதை அமைத்து, ஒன்றரை நாள் மின்சாரம் பாய்ச்சினார்கள். உள்ளே 2,000 டிகிரிக்கு மேல் சூடு! புட்டியில் விற்ற சரக்கு வண்டி வண்டியாக வெளியே வந்தது. விலை சரிந்தது. பட்டறை தோறும் கார்போரண்டம் சக்கரம் சுழன்றது.

ஆனால் தொழிலை வளர்க்கக் கடன் வாங்க வேண்டியிருந்தது. சில ஆண்டுகளில் கம்பெனியின் ஆட்சி, பணம் கொடுத்த மெல்லன் குடும்பத்தார் கைக்குப் போயிற்று. தாம் பெற்ற பிள்ளையைத் தாமே பிரிய நேர்ந்தது அச்சிசனுக்கு.

சூடு மிஞ்சியது, யோகம் பிறந்தது

அவர் ஓய்ந்து உட்காரவில்லை. ஒரு முறை உலையில் சூடு அளவு மீறிவிட்டது. கார்போரண்டத்தில் இருந்த சிலிக்கன் ஆவியாகப் போய், சுத்தமான கிராபைட் மிஞ்சியது. பென்சிலில் இருக்கிறதே, அந்தக் கிராபைட்! கடினமான பொருளைச் செய்யும் உலையிலேயே வழுக்கும் பொருளும் பிறந்தது. 1896-ல் அதற்கும் காப்புரிமை பெற்றார். அதற்கெனத் தனிக் கம்பெனி தொடங்கினார்.

பழைய எகிப்து நாட்டில் செங்கல் மண்ணோடு வைக்கோல் சேர்த்த செய்தி பைபிளில் வருகிறது. அதைப் படித்த அச்சிசன், வைக்கோல் ஊறிய நீரில் களிமண்ணைக் குழைத்துப் பார்த்தார். மண் உறுதி பெற்றது. அதே வழியில், நீரிலும் எண்ணெயிலும் அடியில் தங்காத கிராபைட் கலவைகளைச் செய்தார். பழைய டெலிவிஷன் பெட்டிகளின் படக் குழாய்க்கு உட்பூச்சாகப் பின்னாளில் இது பயன்பட்டது.

70 காப்புரிமைகள் அவர் பெயரில் உண்டு. பல சங்கங்கள் பதக்கம் அளித்தன. 1931-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி, 75-வது வயதில் காலமானார்.

1954-ல் இரண்டு செய்திகள்

அச்சிசன் தேடிய வைரம் என்ன ஆயிற்று? 1954 டிசம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆராய்ச்சிக் கூடத்தில் டிரேசி ஹால் என்பவர் கடும் அழுத்தத்திலும் சூட்டிலும் செயற்கை வைரம் செய்தார். அது பொடி வைரம், நகைக்கு உதவாது. ஆனால் கல்லைத் தேய்க்கப் பொடிதானே வேண்டும்!

அதே 1954-ல் சென்னையில் கார்போரண்டம் யுனிவர்சல் கம்பெனியை முருகப்பா குடும்பத்தார் தொடங்கினார்கள். அச்சிசன் நிறுவிய அமெரிக்கக் கம்பெனியும் அதில் கூட்டுச் சேர்ந்தது. குருந்தம் என்ற சொல் சுற்றிக் கொண்டு தாய்வீட்டுக்கே வந்தது.

எந்தத் தளத்துக்கு எந்தச் சக்கரம்?

இன்று சிமெண்டுத் தளத்தையும் கருங்கல்லையும் வைரச் சக்கரம் கொண்டு தேய்க்கிறார்கள். வீடு கட்டுவோர் இதைக் கொஞ்சம் தெரிந்து கொள்வது நல்லது.

சக்கரத்தில் தெரியும் பற்கள் முழு வைரம் அல்ல. உலோகத் தூளில் வைரப் பொடியைக் கலந்து இறுக்கியவை. உலோகம் தேயத் தேயப் புது வைர முனை வெளியே வரும்.

கடினமான தளத்துக்கு மிருதுவான உலோகப் பிடிப்புள்ள சக்கரம் வேண்டும். காரணம், கெட்டித் தளத்தின் நைஸான தூள் உலோகத்தை எளிதில் அரிக்காது. பிடிப்பும் கெட்டியாக இருந்தால், மழுங்கிய வைரம் உதிராமல் அங்கேயே நின்றுவிடும், சக்கரம் வழுக்கும். மணல் உதிரும் இளகிய தளத்துக்குக் கெட்டிப் பிடிப்பு வேண்டும். இல்லாவிட்டால் சக்கரம் சீக்கிரம் கரைந்து, பணமும் கரையும்.

சக்கரத்தின் நம்பர் சிறியது என்றால் வைரப் பொடி பெரியது. மேடு பள்ளம் போக்க 30, 40-ம் நம்பர். பிறகு 50, 100, 200, 400 என்று படிப்படியாக ஏற வேண்டும். பளபளப்புக்கு 800, 1,500, 3,000. நடுவில் தாண்டினால் பழைய கீறல் மறையாது. மெருகு ஏறிய பிறகு அது பளிச்சென்று தெரியும்.

எஃகின் மேல் வைரச் சக்கரம் வைக்கக் கூடாது. சூடேறிய இரும்பு வைரத்தின் கரியைத் தின்றுவிடும். எஃகுக்குக் குருந்த வகைச் சக்கரமே ஏற்றது.

சக்கரத்தில் எழுதியுள்ள வேகம், மெஷினின் வேகத்துக்குக் குறையக் கூடாது. மெஷினை அழுத்தக் கூடாது. அதன் எடையே போதும். கல் தூள் நுரையீரலில் படிந்தால் தீராத நோய் வரும். எனவே ஈரத்தில் ஓட்டும் சக்கரமானால் தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். அப்போது மின்சாரம் தாக்காமல் பாதுகாப்பு இருக்க வேண்டும். உலர்வாகத் தேய்த்தால் தூள் உறிஞ்சும் கருவி வேண்டும். முகமூடியும் கண்ணாடியும் எப்போதும் தேவை.

வைரச் சக்கரம் வழுக்க ஆரம்பித்தால் தூக்கி எறிய வேண்டியதில்லை. கார்போரண்டம் கல்லின்மேல் சிறிது நேரம் ஓட்டினால் உலோகம் தேய்ந்து புது முனைகள் எட்டிப் பார்க்கும்.

வைரத்தைத் தேடிப் புறப்பட்ட அச்சிசனுக்கு வைரம் கிடைக்கவில்லை. ஆனால் வைரச் சக்கரத்துக்கே சாணை பிடிக்கும் கல் கிடைத்தது!