சம்பளம் வாங்காத பேராசிரியர்

சென்னை இராயபுரம் கல்மண்டபத்தில் இன்று பல வீடுகளில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. அதன் பெயர் வை-பை. கம்பி கிடையாது, ஆனாலும் செல்போனுக்குப் படம் வருகிறது.

அந்தப் பெட்டியின் அலையை விடக் குறுகிய அலைகளை 1890-களிலேயே ஆட்டிவைத்தவர் ஒரு வங்காளி. பெயர் ஜெகதீஷ் சந்திர போஸ்.

1858-ம் ஆண்டு மைமன்சிங்கில் பிறந்தார். இன்று அது வங்காளதேசத்து ஊர். தந்தை பெரிய உத்தியோகஸ்தர். ஆனாலும் மகனை இங்கிலீஷ் பள்ளிக்கு அனுப்பவில்லை. தாய்மொழிப் பள்ளியில் சேர்த்தார். அங்கே மீனவர் வீட்டுப் பையனோடு உட்கார்ந்து படித்தான் ஜெகதீஷ்.

கேம்பிரிட்ஜ் சென்று படித்துத் திரும்பினார். 1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் வேலை கிடைத்தது. வந்தது வினை! வெள்ளைக்காரப் பேராசிரியர் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குதான் உனக்கு என்றது சர்க்கார்.

போஸ் வேலையை விடவில்லை. சம்பளத்தையும் தொடவில்லை. தினமும் பாடம் நடத்தினார். மாதம் பிறந்தால் வெறுங்கை. இப்படி மூன்று ஆண்டுகள்!

1887-ல் கல்யாணம் வேறு ஆயிற்று. மனைவி அபலா, சென்னைக்கு வந்து மருத்துவம் படித்தவர். வாடகை குறைவு என்று சந்திரநாகூரில் குடியிருந்தார்கள். ஹூக்ளி ஆற்றைப் படகில் கடந்து போஸ் கல்லூரிக்குப் போவார். படகைத் திருப்பி ஓட்டி வருபவர் அபலா!

கடைசியில் சர்க்கார் இறங்கி வந்தது. முழுச் சம்பளமும் பாக்கியோடு கைக்கு வந்தது. தந்தையின் கடன் அடைந்தது.

பிறகுதான் அலை ஆராய்ச்சி. 1895-ல் கல்கத்தா டவுன் ஹாலில் ஒரு கம்பத்தின் உச்சியில் வட்டத் தகடு பொருத்தினார். அதுதான் ஏரியல். அலை சுவர்களைத் துளைத்தது. தலைமை வகித்த லெப்டினன்ட் கவர்னரின் உடம்பையும் ஊடுருவியது. 75 அடிக்கு அப்பால் மணி அடித்தது, துப்பாக்கி வெடித்தது!

ஆய்வுக்கூடத்தில் அலையை 5 மில்லி மீட்டர் வரை குறுக்கினார். அலை சிறுத்தால் ஏரியலும் சிறுக்கும். எண்ணெய் ஊற்றும் புனல் போன்ற உலோக வாயால் அதை ஏந்தினார். ரெயில்வே கால அட்டவணைப் புத்தகத்தின் தாள்களுக்கு நடுவே வெள்ளீயத் தகடு செருகி, அதையும் ஒரு கருவி ஆக்கினார். காசில்லாதவர் மூளை!

1909-ல் கம்பியில்லாத் தந்திக்கு நோபல் பரிசு வந்தது. அது மார்க்கோனிக்கும் பிரவுனுக்கும் போயிற்று. காப்புரிமையில் ஆசை வைக்காத போஸ் அதற்குள் செடிகொடிகளின் உணர்ச்சியை அளக்கப் போய்விட்டார். 1937-ல் காலமானார்.

அதே 5 மில்லி மீட்டர் அலை, இன்று ஒரே அறைக்குள் மின்னல் வேகத்தில் படம் அனுப்பப் பயன்படுகிறது. அவருடைய பழைய கருவிகள் கல்கத்தாவில் அவர் 1917-ல் நிறுவிய போஸ் ஆய்வுக்கழகத்தில் இருக்கின்றன.