கனவில் கணக்குப் பார்த்த ராமானுஜன்



இந்த மாசம் எங்க வகுப்புக்கு அறிவியல் சார் கொடுத்த செயல்திட்டம் கனவு. தலைமாட்டில் ஒரு நோட்டும் பேனாவும் வெச்சுக்கணும். எழுந்த உடனே, பல்லுகூட விளக்காம, என்ன கனவு கண்டோமோ அதை எழுதணும். எங்க குழுவில் நாலு பேர். ஒரு வாரம் எழுதினோம். பரீட்சை ஹாலுக்கு லேட்டா ஓடுற கனவு மூணு நோட்டில் இருக்கு! நாலாவது ஆள் ஏழு நாளும் வெறும் தாளையே கொடுத்தான்.

அப்புறம்தான் சண்டை வந்தது. கனவில் பாடம் வருமா, வராதா? ராமானுஜனுக்கு வந்ததே, அதுவும் நம்ம நாமக்கல் தாயாரே வந்து சொன்னாங்களே என்றாள் ஒருத்தி. அப்படின்னா எனக்கு ஏன் வரலை, நானும்தான் சனிக்கிழமை தவறாம ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போறேன் என்றான் வெறும் தாள்காரன். இரண்டு பேரும் இன்னும் சரியாப் பேசிக்கலை. அதனால் நூலகத்தில் உட்கார்ந்து ராமானுஜன் வாழ்க்கையைப் படித்தேன். படித்ததை இங்கே எழுதுகிறேன். யார் பக்கம் நியாயம்னு நீங்களே பார்த்துக்கோங்க.

சீனிவாச ராமானுஜன் பிறந்தது 1887 டிசம்பர் 22, ஈரோட்டில், அம்மா வழித் தாத்தா வீட்டில். அப்பா கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுபவர். அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடுவார். கல்யாணமாகி ரொம்ப நாள் குழந்தை இல்லாததால் குடும்பமே நாமக்கல் நாமகிரித் தாயாரை வேண்டிக்கிட்டதாம். அம்மாயிக்கு அருள் வந்து தாயார் பேசுவார் என்றும், தான் செத்த பிறகு பேரன் மூலமாகத் தாயார் பேசுவார் என்று அவர் சொல்லி வைத்தார் என்றும் அந்த வீட்டில் ஒரு கதை உண்டு. அதாவது, அந்தப் பையனுக்குக் கணக்கு தெரிவதற்கு முன்னாடியே தாயார் பெயர் தெரியும். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

நாமக்கல் மலையை நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே பாறை, உச்சியில் கோட்டை. மேற்குப் பக்கம் பாறையைக் குடைந்த நரசிம்மர் கோயில், அங்கேயே தாயார் சன்னதி. எதிரே கூரை இல்லாம 18 அடி ஆஞ்சநேயர். லாரி முகப்பில் எல்லாம் நாமகிரி என்று எழுதியிருப்பதைத் தினமும் பார்க்கிறோம். அந்தப் பெயர் கேம்பிரிட்ஜ் வரைக்கும் போன கதை இது.

ரெண்டு வயசில் பெரியம்மை வந்து பிழைத்தார். கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் படித்தார். எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்று என்று வாத்தியார் சொன்னபோது, பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தாலுமா என்று கேட்டாராம். வீட்டில் தங்கியிருந்த காலேஜ் அண்ணன்களிடம் லோனியின் திரிகோணமிதி புத்தகத்தை வாங்கி, நம்ம எட்டாவது ஒன்பதாவது வகுப்பு வயசிலேயே முடித்துவிட்டார். 1903ல் கார் என்பவர் தொகுத்த ஒரு புத்தகம் கைக்கு வந்தது. அதில் சுமார் 5000 தேற்றங்கள். நிரூபணம் பெரும்பாலும் இல்லை, வெறும் முடிவுகள்தான். பரீட்சைக்குப் படிக்கிறவங்களுக்கான கைப்புத்தகம் மாதிரி. மத்தவங்க அதைப் பார்த்து மனப்பாடம் பண்ணுவாங்க. இவர் ஒவ்வொன்றையும் தானே போட்டுப் பார்த்தார், அதைத் தாண்டிப் புதுசும் கண்டுபிடித்தார். காகிதம் விலை அதிகம். அதனால் எல்லா வழிமுறையும் சிலேட்டில். துணியைத் தேடாம முழங்கையாலேயே அழிப்பார். கடைசியில் வந்த விடை மட்டும் நோட்டில் ஏறும். அந்த முழங்கை கறுத்துப்போயிருக்கும் என்று படித்தபோது எனக்கு என்னவோ போல இருந்தது.

1904ல் பள்ளிக்கூடத்தில் கணக்குக்குப் பரிசு. அரசு கல்லூரியில் உதவித்தொகையோடு இடம். ஆனால் கணக்கைத் தவிர எதையும் தொடலை. ஆங்கிலத்தில் தோல்வி, உதவித்தொகை போச்சு. 1905ல் வீட்டில் சொல்லாம விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். அப்புறம் சென்னை பச்சையப்பன் கல்லூரி. உடலியல் பாடத்தில் மார்க் வரவே இல்லை. 1907ல் எப்.ஏ. பரீட்சையிலும் தோல்வி. பட்டம் கிடையாது, வேலை கிடையாது. 1909ல் ஜானகியோடு கல்யாணம். ஜானகிக்கு அப்போது பத்து வயசு! அந்தக் காலம் அப்படி. அது நல்ல காலம் என்று நான் சொல்ல மாட்டேன்.

இந்த வருஷங்களில்தான் கனவுகள். நண்பர்களிடம் அவரே சொன்னதாக வருவது இது. தூக்கத்தில் ரத்தத் துளிகள் தெரியும். அது தாயாரின் கணவரான நரசிம்மரின் அடையாளம். அதற்குப் பிறகு சுருள் சுருளாக ஏடுகள் விரியும், அதில் பெரிய பெரிய கணக்குகள் இருக்கும். இன்னொரு தடவை சிவப்புத் திரை மாதிரி ஒன்று தெரிந்து, அதில் ஒரு கை வந்து எழுத ஆரம்பித்ததாம். படிக்கும்போது எங்களுக்கெல்லாம் கொஞ்சம் பயமாத்தான் இருந்தது. ஆனா அவருக்கு அது பயமில்லை, பாடம்.

அவரை நேரில் தெரிந்த சேஷு ஐயரும் ராமச்சந்திர ராவும் பின்னால் எழுதியதில் ஒரு விஷயம் இருக்கிறது. படுக்கையிலிருந்து எழுந்ததும் முடிவுகளை எழுதிக்கொள்வார், வேகமாகச் சரி பார்ப்பார், ஆனால் முழுமையான நிரூபணம் எல்லாத் தடவையும் கொடுக்க முடிந்ததில்லை. பார்த்தீர்களா? எழுந்ததும் எழுதுவது! எங்க சார் கொடுத்த செயல்திட்டத்தை அவர் எவ்வளவோ முன்னாடியே செய்திருக்கிறார். ஆனால் நாங்க செய்யாத ஒன்றையும் செய்திருக்கிறார். எழுதியதைச் சரி பார்த்திருக்கிறார்.

1911ல் முதல் கட்டுரை அச்சானது. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் மாசம் 30 ரூபாய் குமாஸ்தா வேலை. அங்கே தலைமைக் கணக்கர் நாராயண ஐயர், தானும் கணக்குப் படித்தவர், இவருடைய அருமை தெரிந்தவர். 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு ஒரு கடிதம் போனது. நூற்றுக்கு மேல் தேற்றங்கள், நிரூபணம் இல்லாமல். ஹார்டியும் லிட்டில்வுட்டும் உட்கார்ந்து பார்த்து அசந்துபோனார்கள். இங்கிலாந்துக்கு வா என்று அழைப்பு வந்தது.

இங்கேதான் சிக்கல். கடல் தாண்டினால் ஜாதியை விட்டுத் தள்ளிவைப்பார்கள். அம்மா சம்மதிக்கவில்லை. அம்மா பேச்சைத் தாண்டுகிற பிள்ளையும் இல்லை. நாராயண ஐயரோடு நம்ம நாமக்கல்லுக்கு வந்தார். மூணு ராத்திரி கோயிலிலேயே படுத்திருந்தார். இரண்டு ராத்திரி ஒன்றும் இல்லை. மூணாம் ராத்திரி திடுக்கென்று எழுந்து நாராயண ஐயரை எழுப்பி, வெளிச்சம் தெரிந்தது, போகச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது என்று சொன்னாராம். இதை நாராயண ஐயர் குடும்பத்தில் சொல்வார்கள். ஹார்டிக்குத் தெரிந்த கதை வேறு. அதில் கனவு கண்டது அம்மா. பெரிய கூடத்தில் வெள்ளைக்காரர்கள் நடுவே மகன் உட்கார்ந்திருக்கிற மாதிரியும், குறுக்கே நிற்காதே என்று தாயார் சொன்ன மாதிரியும் கனவு வந்து, காலையில் சம்மதம் சொல்லிவிட்டார்.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். மகன் கனவோ, அம்மா கனவோ, இரண்டு பேருக்கும் உள்ளுக்குள் போகணும், போகட்டும் என்று ஆசை இருந்திருக்கும். ஊர் என்ன சொல்லும் என்ற பயத்தை எதிர்த்துப் பேச ஆள் இல்லை. தாயார் பேசினார். அம்மாயி கதையை ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேன் இல்லையா, அது இதற்குத்தான். கனவில் நமக்கு உத்தரவு போடுகிற குரல், சின்ன வயசிலிருந்து நாம் நம்புகிற குரலாகத்தான் இருக்கும். (எங்க குழுவில் ஒருத்தி இதை ஒத்துக்கவில்லை. அவள் கட்டுரையும் பக்கத்திலேயே ஒட்டலாம் என்று சொல்லியிருக்கிறேன்.)

1914 மார்ச் 17, நெவாசா கப்பல். குடுமியை எடுத்தாச்சு. கேம்பிரிட்ஜ் குளிர் தாங்க முடியலை. புள்ளியியல் மேதை மகலநோபிஸ் அப்போது அங்கே படித்துக்கொண்டிருந்தார். ராத்திரியெல்லாம் குளிருது என்று ராமானுஜன் சொன்னதும் அறைக்குப் போய்ப் பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் ஓரம் சொருகி விரித்திருக்க, இவர் அதன் மேலேயே கோட்டும் சால்வையுமாகப் படுத்திருந்தார். கம்பளியை உருவி உள்ளே நுழைந்து படுக்கணும் என்று இவருக்கு யாரும் சொல்லலை! உலகமே வியந்த மூளை, பாயில் படுத்தே பழகின உடம்பு.

ஹார்டிக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ராமானுஜனின் பக்தியை எல்லாரும் பெரிசு பண்ணுகிறார்கள் என்பது அவர் கட்சி. அவர் கேட்டது ஒன்றே ஒன்று, நிரூபணம். இது வெறும் வாத்தியார் பிடிவாதம் இல்லை. முதல் கடிதங்களில் பகா எண்களைப் பற்றி ராமானுஜன் எழுதிய சூத்திரம் சின்ன எண்களுக்கு அழகாகப் பொருந்தியது, பெரிய எண்களுக்கு அவர் நினைத்த அளவு பொருந்தவில்லை. உள்ளுணர்வு அவரையும் ஏமாற்றியிருக்கிறது. இரண்டு பேரும் சேர்ந்து செய்ததில் எனக்குப் பிடித்தது எண் பிரிவினை. 4ஐ எத்தனை விதமாகக் கூட்டல் ஆக்கலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. மொத்தம் 5 விதம். 100க்கு எத்தனை தெரியுமா? 19,05,69,292! இதைக் கிட்டத்தட்டத் துல்லியமாகச் சொல்லும் சூத்திரத்தை 1918ல் இருவரும் வெளியிட்டார்கள். இன்னொன்று ராமானுஜன் கண்டது. 4, 9, 14, 19 என்று 4லோ 9லோ முடியும் எண்களுக்கு விடைகள் 5, 30, 135, 490. எல்லாம் ஐந்தால் வகுபடும்.

1918ல் ராயல் சொசைட்டி உறுப்பினர், டிரினிட்டி கல்லூரி பெல்லோ. ஆனால் உடம்பு போய்விட்டது. போர்க்காலம், சைவச் சாப்பாடு கிடைக்காது, தானே சமைக்கணும். 1919 மார்ச்சில் திரும்பி வந்தார். அந்த வருஷம் கொஞ்ச காலம் கொடுமுடியில் தங்கினார். அதாவது நம்ம காவிரிக்கு அந்தக் கரை. 1920 ஜனவரியில் ஹார்டிக்குக் கடைசிக் கடிதம் எழுதினார், மாக் தீட்டா சார்புகள் என்று ஒரு புது விஷயத்தோடு. சாவதற்கு நாலு நாள் முன்பு வரை கணக்குப் போட்டார் என்கிறார்கள். 1920 ஏப்ரல் 26, சேத்துப்பட்டில் இறந்தார். வயசு 32. அப்போது காசநோய் என்றார்கள். கல்லீரலைத் தாக்கும் அமீபா நோயாக இருக்கலாம், அதைக் குணப்படுத்தியிருக்கலாம் என்று பின்னால் ஒரு டாக்டர் எழுதினார். ஜானகியம்மாள் தையல் கற்றுப் பிழைத்து 1994 வரை இருந்தார்.

அந்தக் கடைசி வருஷத் தாள்கள் 1976ல் கேம்பிரிட்ஜ் நூலகத்தில் ஒரு பெட்டியில் கிடைத்தன. நோட்டுகளில் இருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகளை நிரூபித்து அச்சிட புரூஸ் பெர்ன்ட் என்பவருக்கு 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகள் தேவைப்பட்டன. மிகச் சிலதான் தப்பு. மாக் தீட்டா என்றால் உண்மையில் என்ன என்பது 2002ல்தான் ஓரளவு விளங்கியது.

சரி, செயல்திட்டத்துக்கு வருவோம். கனவு காண்கிறோம் என்று கனவுக்குள்ளேயே தெரிவதைத் தெளிவுக் கனவு என்கிறார்கள். அந்தப் பெயரை வான் ஈடன் என்ற டச்சுக்காரர் பரப்பியது 1913ல், ராமானுஜன் ஹார்டிக்கு எழுதிய அதே வருஷம். 1975ல் இங்கிலாந்தில் கீத் ஹெர்ன் என்பவர், தூங்குகிறவர் கனவுக்குள்ளிருந்தே கண்ணை இடம் வலமாக அசைத்துச் சைகை கொடுப்பதைக் கருவியில் பதிவு செய்தார். ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானி கனவில் வந்த தவளை இதயப் பரிசோதனையை எழுதி வைத்துவிட்டுத் தூங்கினார். காலையில் தன் கையெழுத்தே புரியலை! மறுநாள் ராத்திரி அதே யோசனை வந்ததும் நேரே பரிசோதனைக் கூடத்துக்கு ஓடினார். 1936ல் நோபல் பரிசு. 2021ல் பாரிசில் ஒரு கணக்கைக் கொடுத்து, குறுக்கு வழியை ஒளித்து வைத்துப் பார்த்தார்கள். தூக்கத்தின் வாசலில் வெறும் 15 விநாடி கண் அயர்ந்தவர்களில் 83 சதவீதம் பேர் வழியைக் கண்டுபிடித்தார்கள், விழித்தே இருந்தவர்களில் 30 சதவீதம். ஆனால் எல்லாரும் முதலில் உட்கார்ந்து அந்தக் கணக்கைப் போட்டவர்கள்தான். (வகுப்பில் கண் அயர இதைக் காரணம் காட்டாதீங்க. நான் காட்டினேன், செல்லவில்லை.)

நானும் ஒரு சோதனை செய்தேன். 9ஐப் பிரித்தால் 30 விதம் வரணும். எனக்கு எத்தனை தடவை எண்ணினாலும் 29. கோபத்தில் நோட்டைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தேன். கனவில் வந்தது பஸ்தான், அதுவும் நிக்காம போயிடுச்சு. காலையில் தம்பி சிலேட்டை வாங்கி முதலிலிருந்து வரிசையாக எழுதினேன். விட்டுப்போனது 3+3+3.